பதினாயிரமும் நூறும்: 'மிரியட்' என்னும் ஆங்கிலச் சொல்லை முன்வைத்து

சில திங்களுக்கு முன், நாம் சார்ந்த பங்கின் அன்பியக் கூட்டமொன்றில் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. மன்னிக்க மறுத்த பணியாளன் உவமை. அன்று வாசிக்க முன்வந்த இளைஞர், அமெரிக்கக் கத்தோலிக்கர் பயன்படுத்தும் ஆங்கிலப் பதிப்பொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தமிழாக்கிச் சொல்லி வந்தார். அரசரிடம் ஒருவன் மிகப் பெருந்தொகை கடன்பட்டிருந்தான் என்றார். அவனிடம் உடன் பணியாளன் ஒருவன் அதைவிட மிகச் சிறிய தொகை கடன்பட்டிருந்தான் என்றார். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய் குறுக்கிட்டார். தெருத்தெருவாய்க் கூடை சுமந்து மீன் விற்பவர் அவர்.

"பெருந்தொகைன்னா எவ்வளவு, தம்பி? சின்னத் தொகைன்னா எவ்வளவு?"

இளைஞர் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுல எவ்வளவுன்னு போடலம்மா" என்றார்.

"கடன்னு சொல்லிட்டு எவ்வளவுன்னு சொல்லாம விடுவாங்களா?"

சிலர் சிரித்தனர். கேட்டவர் சிரிக்கவில்லை. காலையில் தண்டல்காரரிடம் பணம் வாங்கி, மாலையில் வட்டியோடு திருப்பித் தருபவர் அவர். கடன் என்ற சொல் காதில் விழுந்தால் தொகையைக் கேட்பது அவருக்கு இயல்பு. கூட்டம் வேறு செய்திக்குச் சென்றுவிட்டது. அவருடைய கேள்வி நம்மோடு வீட்டுக்கு வந்தது.

அந்தப் பதிப்பின் அடிக்குறிப்பில் தொகை இருக்கத்தான் செய்கிறது. மூலத்தில் உள்ளவாறே சொன்னால் 'பத்தாயிரம் தாலந்து' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இளைஞர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பத்தாயிரத்துக்கு மூலத்தில் நிற்கும் கிரேக்கச் சொல்லின் வழியிலேயே ஆங்கிலத்தில் 'மிரியட்' என்னும் சொல் பிறந்தது. அகராதியைத் திறந்தால் அதற்கு இரண்டு பொருள் காணலாம். ஒன்று, பத்தாயிரம். மற்றொன்று, எண்ணிறந்த. முதற்பொருள் வழக்கொழிந்துபோக, இரண்டாம் பொருளே இன்று ஆங்கிலம் எங்கும் உலவுகிறது. எண்ணிக்கையைத் தொலைத்த ஓர் எண்ணுப்பெயர் அது. அது எதைத் தொலைத்தது, தொலைத்ததனால் வாசகருக்கு என்ன இழப்பு என்பதையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

ஒரு சொல், இரு பொருள்

பழங்கிரேக்க மொழியில் தனிப்பெயர் பெற்ற எண்களுள் மிகப் பெரியது பத்தாயிரமே. அதற்கு மேல் எண்ண வேண்டின், அதே பெயரை அடுக்கிப் பதினாயிரம் பதினாயிரம் என்று சொல்ல வேண்டும். ஒரு மொழி தன் எண்ணுப்பெயர்களின் எல்லையில் நிறுத்திய சொல், அந்த எல்லைக்கு அப்பால் உள்ளவற்றையும் குறிக்கத் தொடங்குவது இயல்பே. எனவே 'மூரியோஸ்' என்றால் எண்ணற்ற. 'மூரியோய்' என்று பன்மையில் வந்தால் பத்தாயிரம். இரண்டையும் ஒலி அழுத்தத்தால் வேறுபடுத்தலாம் என்று இலக்கணிகள் காட்டினர். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுந்தால் எண்ணற்ற என்றும், முதல் அசையில் விழுந்தால் பத்தாயிரம் என்றும் கொள்க என்பது அவர்கள் விதி.

ஆனால் இந்த விதி நம் உவமைக்கு உதவுவதில்லை. மத்தேயுவில் அந்தச் சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மை உருபு ஏற்று வருகிறது. அந்த உருபில் இரண்டு சொற்களுக்கும் அழுத்தம் ஒரே இடத்தில்தான் விழும். அதாவது பத்தாயிரம் தாலந்தா, எண்ணற்ற தாலந்தா என்பதை எழுத்தைக் கொண்டோ ஒலியைக் கொண்டோ தீர்மானிக்க வழியில்லை. வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும். இலத்தீன் மொழிபெயர்ப்பு எண்ணைத் தெரிந்துகொண்டு பத்தாயிரம் என்றே எழுதியது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியைப் படியெடுத்தவரோ முதலில் 'பல தாலந்து' என்று எழுதிவைத்தார். 'மிகப் பெருந்தொகை' என்று எழுதிய அமெரிக்க மொழிபெயர்ப்பாளருக்கு 1,600 ஆண்டுகள் மூத்த தோழர் ஒருவர் இருந்திருக்கிறார் எனலாம்!

எபிரேய மொழியிலும் இதே நிலை. பத்தாயிரத்தைக் குறிக்கும் 'ரெவாவா' என்னும் சொல், மிகுதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. தொடக்கநூலில் ரெபேக்காவை வழியனுப்பும் உறவினர், அவள் ஆயிரம் பதினாயிரமாய்ப் பெருக வேண்டும் என்று வாழ்த்தும்போது வரும் சொல் இதுவே. அங்கே யாரும் பேரப்பிள்ளைகளை எண்ணப் போவதில்லை. ஆயிரமும் பதினாயிரமும் இணைந்து வருவது எபிரேயக் கவிதையின் மரபு. முதலடியில் ஆயிரம் வந்தால் அடுத்த அடியில் பதினாயிரம் வரும். 91ஆம் திருப்பாடலிலும் மீக்கா நூலின் 6ஆம் அதிகாரத்திலும் இதனைக் காணலாம். சிரியாவின் கடற்கரையில் 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட உகரித் களிமண் பலகைகளிலும் இதே இணை இருப்பதால், இது இஸ்ரயேலருக்கு முந்திய பழைய கவிமரபு என்பது தெளிவு.

மரபை அறியாதவர் அதைக் கணக்காகக் கொண்டால் என்ன ஆகும்? சாமுவேல் முதல் நூலின் 18ஆம் அதிகாரம் விடை சொல்கிறது. போர் முடிந்து திரும்புகையில் பெண்கள் ஆடிப்பாடி எதிர்கொள்கின்றனர். சவுலுக்கு ஆயிரம், தாவீதுக்குப் பதினாயிரம் என்று பாடுகின்றனர். கவிமரபின்படி பார்த்தால் இரண்டு அடிகளும் ஒரே புகழ்ச்சியின் இரு பாதிகள். இருவரும் பெருவீரர் என்பதே பாட்டின் கருத்து என்று கொள்ள இடமுண்டு. சவுல் அவ்வாறு கொள்ளவில்லை. தனக்கு ஆயிரந்தானா, அவனுக்குப் பதினாயிரமா என்று கழித்துப் பார்க்கிறான். அன்று தொடங்கிய காழ்ப்பு அவனை விட்டு அகலவில்லை. விவிலியத்தில் ஒரு பாட்டைத் தவறாகத் திறனாய்வு செய்தவர்களுள் சவுலுக்குத்தான் முதலிடம் தரவேண்டும். ஆயினும் அவன்மேல் முழுப் பழியையும் சுமத்துவதற்கில்லை. பத்து மடங்கு என்பது பாட்டிலே இருக்கிறது. பாடிய பெண்கள் கவிமரபை நினைத்தார்களோ, புதிய வீரனின் அழகை நினைத்தார்களோ, யார் அறிவார்? எண்ணின் கூர்மை உள்ளே மறைந்திருப்பதால்தான் அந்தப் பாட்டு குத்துகிறது. 'சவுல் பலரை வென்றார், தாவீது மிகப் பலரை வென்றார்' என்று பாடியிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

பெருந்தொகைச் சொல்லின் இயல்பு இதுதான். அது பாதி எண், பாதி வியப்பு. ஒன்றை அறுத்தெறிந்தால் மற்றதும் வாடிவிடும்.

ஆங்கிலத்தில் அதன் கதி

இதே கிரேக்கச் சொல்லை 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கில விவிலியம் எவ்வாறு கையாண்டது என்பது நோக்கத்தக்கது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஒருவரையொருவர் மிதிக்கும் அளவுக்கு மக்கள் கூடுகின்றனர். அங்கே 'எண்ணற்ற' என்று பெயர்த்தனர். எபேசு நகரில் மாய வித்தைக்காரர் தம் சுவடிகளைக் கொண்டுவந்து எரித்தபோது, அவற்றின் விலை ஐந்து பதினாயிரம் வெள்ளிக்காசு என்று மூலம் கணக்குச் சொல்கிறது. அங்கே 'ஐம்பதாயிரம்' என்று சரியாகப் பெயர்த்தனர். திருத்தூதர் பணிகள் 21ஆம் அதிகாரத்தில் யூதருள் எத்தனை பதினாயிரம் பேர் நம்பிக்கை கொண்டனர் என்று யாக்கோபின் குழுவினர் பவுலிடம் கூறுகின்றனர். அங்கே 'ஆயிரங்கள்' என்று குறைத்துவிட்டனர். எபிரேயர் திருமுகத்தில் வானதூதர் கூட்டத்துக்கு மீண்டும் 'எண்ணற்ற' என்றே வந்தது. ஒரே சொல், நான்கு இடம், மூன்று பெயர்ப்பு. இந்நான்கில் ஓரிடத்திலும் 'மிரியட்' இல்லை. இடம் நோக்கிப் பொருள் கொண்டவர்களை நாம் குறைகூற முடியாது. ஆனால் நான்கும் ஒரே சொல்லே என்பதை ஆங்கில வாசகர் அறிய வழியில்லாமற் போயிற்று.

'மிரியட்' 16ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே ஆங்கிலத்தில் நுழைந்துவிட்டது. அப்போது அது பெயர்ச்சொல். மில்ட்டன் 1667-இல் வெளியிட்ட பெருங்காப்பியத்தில் வானதூதர் படைகளைச் சொல்ல அதனைப் பன்மையில் ஆண்டார். பெயரடையாக அது வழங்கியது பின்னரே. இந்நாளில் ஆங்கிலம் கற்பிப்போர் சிலர், அதனைப் பெயரடையாக மட்டுமே ஆளவேண்டும், 'ஒரு மிரியட்' என்று பெயராக எழுதுவது பிழை என்று மாணவரைத் திருத்துவதுண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. பெயராக ஆள்வதே பழைய வழக்கு. அமெரிக்கரான தோரோவும் அவ்வாறே எழுதினார். இலக்கணச் சண்டையில் இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கவில்லை என்பதே நம் குறை. பெயராயினும் அடையாயினும், அது எத்தனை என்று இன்று கேட்பார் இல்லை. மிரியட் வண்ணங்கள், மிரியட் வாய்ப்புகள், மிரியட் சிக்கல்கள் என்று விளம்பரத்தாரும் கட்டுரையாளரும் எழுதுகின்றனர். நீக்கிவிட்டுப் படித்தால் வாக்கியம் இளைப்பதில்லை. ஒரு சொல் நகையாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நகையாகாமல் அதனைப் பயன்படுத்தியவரும் உண்டு. கோல்ரிட்ஜ் 1817-இல் வெளியிட்ட தம் இலக்கிய வாழ்க்கைச் சரிதையில் சேக்சுபியரைப் பதினாயிரம் உள்ளம் படைத்தவர் என்று இச்சொல்லாலேயே சுட்டினார். கான்ஸ்தாந்திநோபிளின் மறைமுதுவர் ஒருவரைக் கிரேக்கத் துறவி ஒருவர் அவ்வாறு புகழ்ந்ததிலிருந்து தாம் அதை எடுத்துக்கொண்டதாகவும் சொல்லிவைத்தார். அந்த அடைமொழி இன்றும் உயிரோடிருப்பதன் காரணம் யாது? பதினாயிரத்துக்கு எதிரே ஒருவன் நிற்கிறான். ஒரே உடல், ஒரே பெயர், அதற்குள் பதினாயிரம் உள்ளம். சிறிய எண் அருகில் இருப்பதால் பெரிய எண் ஒளிர்கிறது.

நம் மொழிவழக்கிலும் இதைக் காண்கிறோம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய்து வை என்கிறது பழமொழி. அந்த 'ஒரு' இல்லாவிட்டால் 'ஆயிரம்' வெறும் மிகைப்பேச்சு. மதுரை மீனாட்சி கோயிலில் ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது. அதில் உள்ள தூண்கள் 985. பதினைந்து குறைந்ததற்காக எவரும் பெயரை மாற்றச் சொல்வதில்லை. ஆயிரங்காலி என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் மரவட்டைக்கு இட்டிருக்கிறார்கள். மரவட்டையும் பூரானும் சேர்ந்த பேரினத்துக்கு அறிவியலார் இட்ட பெயரோ பதினாயிரங்காலி என்று பொருள்படும், நம் 'மிரியட்' உள்ளடங்கிய கிரேக்கப் பெயர். நெடுங்காலம் இவையெல்லாம் புனைந்துரையாகவே இருந்தன. கலிபோர்னியாவில் கண்ட ஒரு மரவட்டைக்கு 750 கால்களே இருந்தன, அதுவே உச்சம். பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தடித் துளையொன்றில் கண்டெடுத்த ஒரு புதிய இனத்தை ஆய்வாளர் 2021-இல் விவரித்தனர். அதன் கால்கள் 1,306. ஆயிரங்காலி என்னும் பெயர் முதன்முறையாக மெய்யாயிற்று. அந்தச் செய்தி உலகெங்கும் வியப்போடு வாசிக்கப்பட்டதற்குக் காரணம், யாரோ ஒருவர் பொறுமையாக எண்ணினார் என்பதே. வியப்பு எண்ணிக்கைக்குப் பகை என்று நினைப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பத்தாயிரத்தைக் கைவிடாத மொழிகளும் உண்டு. சீனரும் சப்பானியரும் இன்றும் பத்தாயிரத்தை அலகாக வைத்தே எண்ணுகின்றனர். சப்பானில் பத்தாயிரம் யென் தாள் அன்றாடம் கைமாறுகிறது. அதே எண்ணுப்பெயரை வைத்தே பதினாயிரம் ஆண்டு வாழ்க என்று வாழ்த்தொலியும் எழுப்புகின்றனர். கையில் எண்ணும் சொல்லும் வாயார வாழ்த்தும் சொல்லும் அவர்களிடம் ஒன்றாகவே இருக்கின்றன. ஐரோப்பாவில் இச்சொல்லை மீண்டும் எண்ணாக்க ஒரு முயற்சி நடந்தது. 1795-இல் பிரெஞ்சுப் புரட்சியாளர் வகுத்த மெட்ரிக் அளவையில் 'மிரியாமீட்டர்' என்றால் 10 கிலோமீட்டர். அது நிலைக்கவில்லை, 1960-இல் உருவான பன்னாட்டு அலகு முறையில் அதற்கு இடமில்லை.

கசகசா விதையும் அண்டமும்

இந்தச் சொல்லை அதன் முழு வலிமையோடு ஆண்டவர் சிரக்கூசா நகரத்து ஆர்க்கிமிடீஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், கெலோன் என்னும் அரசனுக்கு 'மணல் எண்ணி' என்னும் சிறுநூலை எழுதினார். மணலுக்கு எண்ணிக்கையே இல்லை என்பார் சிலர். எண்ணிக்கை உண்டெனினும் அதைச் சொல்லப் பெயரில்லை என்பார் வேறு சிலர். கடற்கரை மணலை மட்டுமன்றி, அண்டம் முழுவதையும் நிரப்பும் மணலையும் எண்ணிக் காட்டுகிறேன் என்று அவர் புறப்படுகிறார்.

எங்கிருந்து புறப்படுகிறார் என்பதே நமக்கு முதன்மையானது. ஒரு கசகசா விதையிலிருந்து. கசகசா விதை அளவுள்ள மணலில் துகள்கள் ஒரு மிரியட்டுக்கு, அதாவது பத்தாயிரத்துக்கு, மேல் இரா என்று வைத்துக்கொள்கிறார். நாற்பது விதைகளை வரிசையாக வைத்தால் ஒரு விரற்கடை அகலத்துக்குக் குறையாது. விதையிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து விளையாட்டரங்கின் நீளத்துக்கும், அங்கிருந்து புவிக்கும், கதிரவனை நடுவில் வைத்து அரிஸ்தார்க்கஸ் விரித்துரைத்த மாபெரும் அண்டத்துக்கும் படிப்படியாக ஏறுகிறார். மிரியட்டை மிரியட்டால் பெருக்கிப் பத்துக் கோடியை ஓர் அலகாக்கி, அந்த அலகை மீண்டும் மீண்டும் அடுக்கிப் புதுப் பெயர்கள் சமைக்கிறார். இறுதியில் அவர் சொல்லும் எல்லை, இன்றைய முறையில் 1-க்குப் பின் 63 சுழியங்கள்.

அந்த எண் நம் மனத்தில் நிற்பதில்லை. நிற்பது கசகசா விதை. பத்தாயிரம் துகள் கொள்ளும் அந்த ஒரு விதையைப் பார்த்தவனுக்கே அண்டத்தின் அகலம் ஒரு சிறிதாவது விளங்கும். பெருந்தொகைச் சொல் தனியே நின்றால் வெறும் ஓசை. கையால் தொடத்தக்க சிறு எண்ணொன்று அருகில் நிற்கும்போதே அதற்குப் பொருள் பிறக்கிறது. சவுலின் ஆயிரம், கோல்ரிட்ஜின் ஒருவன், ஆர்க்கிமிடீசின் விதை ஆகிய மூன்றும் நமக்கு உணர்த்துவது இதுவே.

கடன் கணக்கு

இனி உவமைக்குத் திரும்புவோம். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் எண்களால் கட்டப்பட்டது. நடுவில் நிறுத்தப்படும் சிறுபிள்ளை ஒன்று. ஆடுகள் நூறு, வழிதவறியது ஒன்று, மலையில் விடப்பட்டவை தொண்ணூற்றொன்பது. கூடுவோர் இரண்டு அல்லது மூன்று பேர். பேதுரு வந்து எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று கேட்கிறார். விடையும் எண்ணாகவே வருகிறது. அதன் தொடர்ச்சியாகவே கடன் உவமை சொல்லப்படுகிறது. எத்தனை என்று கேட்டவனுக்குச் சொன்ன கதையில், எத்தனை என்பதை மட்டும் அழித்துவிடுவது எவ்வாறு பொருந்தும்?

ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். தெனாரியம் என்பது, இதே நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமை காட்டுவதுபோல், ஒரு நாள் கூலி. பத்தாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஓய்வுநாளும் இல்லாமல் ஒருவன் உழைத்தால் 1,64,000 ஆண்டுகளுக்கு மேலாகும். நாடாள்வோர் கணக்கில் பார்த்தாலும் அதே மலைப்புத்தான். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் ஆண்டுக்குத் தந்த வருவாய் 200 தாலந்து என்று வரலாற்றாசிரியர் யோசேப்பு குறிக்கிறார். அவ்வாறாயின் இக்கடன் அந்த ஆட்சிப் பகுதியின் ஐம்பதாண்டு வருவாய். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயருக்கு, அரசனே பட்டாலும் அடைபடாத கடன் இது என்பது உடனே விளங்கியிருக்கும்.

இந்நிலையில் அந்தப் பணியாளன் காலில் விழுந்து, பொறுத்தருளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன் என்கிறான். 1,64,000 ஆண்டு என்ற கணக்கு நினைவில் இருந்தால்தான் அவன் பேச்சின் பரிதாபமும் பைத்தியக்காரத்தனமும் தெரியும். மிகப் பெருந்தொகை என்று மட்டும் படித்தவருக்கு, நல்ல மனிதன், காலக்கெடு கேட்கிறான் என்று தோன்றும். அரசர் கெடு கொடுக்காமல் கடனையே தள்ளுபடி செய்தது ஏன் என்பதும் விளங்காமற் போகும். கெடு கொடுப்பதில் பொருளில்லை என்பதை அந்த எண்தான் சொல்கிறது.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இதனைப் பலவாறு கையாண்டனர். 1966-இல் வெளிவந்த எளிய ஆங்கிலப் புதிய ஏற்பாடு கோடிக்கணக்கான டாலர் என்னும் போக்கில் எழுதியது. உடன் பணியாளனின் கடனைச் சில டாலர் என்றது. 1986-இல் திருத்தப்பெற்ற அமெரிக்கக் கத்தோலிக்கப் பதிப்பே நாம் மேலே கண்டது. 2011-இல் திருத்தப்பெற்ற இன்னொரு பெரும்பதிப்பு பத்தாயிரம் என்னும் எண்ணை விடாமல், தாலந்தைப் பொற்பையாக மாற்றியது. இவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தாலந்து இன்று வழக்கில் இல்லை. பொதுமக்களுக்கு அது திறமையைக் குறிக்கும் சொல்லாகவே தெரியும். மூலச்சொல்லே 'எண்ணற்ற' என்றும் பொருள்படும்போது, அதையே சொன்னால் என்ன என்று அவர்கள் கேட்கலாம்.

கேட்கட்டும். முதற்கடனைப் பொறுத்தவரை அந்த வாதத்தை ஓரளவு ஒப்புக்கொள்ளவும் செய்வோம். அடைக்க முடியாதது என்பது எப்படியோ புலப்பட்டுவிடும். நம் மனம் ஒப்பாதது இரண்டாம் கடனில்தான். மூலம் அங்கே நூறு தெனாரியம் என்கிறது. அந்த நூற்றில் ஐயம் இல்லை, இரட்டைப் பொருளும் இல்லை. அது நூறு நாள் கூலி. ஒரு குடும்பம் மூன்று மாதத்துக்கு மேல் அடுப்பெரிக்கும் பணம். அதனை 'மிகச் சிறிய தொகை' என்றும் 'சில டாலர்' என்றும் எழுதியவர்கள், ஆறு கோடிக்குப் பக்கத்தில் வைத்து அதனை அளந்தார்கள். நாட்கூலிக்காரன் அப்படி அளக்கமாட்டான். இரண்டாம் கடன் அற்பமானது என்று ஆக்கிவிட்டால், அதை மன்னிக்காதவன் வெறும் அரக்கனாகிவிடுகிறான். கேட்போர் யாரும் அவனிடத்தில் தம்மைக் காணமாட்டார். நூறு நாள் கூலி என்று சொன்னால்தான், மன்னிப்பு என்பது மன்னிப்பவனுக்கும் வலிக்கும் ஒன்று என்பது தெரியவரும். உவமை அந்த வலியை மறுக்கவில்லை. ஆறு இலட்சம் மடங்கு பெரிய தள்ளுபடியை அதன் பக்கத்தில் வைத்து, இப்போது சொல் என்கிறது.

ஆக, பெருந்தொகையின் எண்ணை அழித்தவர் சிறுதொகையின் எண்ணையும் அழிக்க வேண்டியதாயிற்று. ஆர்க்கிமிடீசின் நூலிலிருந்து கசகசா விதையை எடுத்துவிட்டு, அண்டம் மிகப் பெரியது என்று மட்டும் எழுதிவைத்ததைப் போன்றது இது.

தமிழ் இந்த இழப்புக்கு உள்ளாகவில்லை என்பது நமக்கு ஆறுதல். விவிலியச் சங்கத்தாரின் பழைய மொழிபெயர்ப்பு பதினாயிரம் தாலந்து என்றும் நூறு வெள்ளிப்பணம் என்றும் எழுதியது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பத்தாயிரம் தாலந்து, நூறு தெனாரியம் என்று எழுதியது. இரண்டும் எண்ணைக் காத்தன. 'பதினாயிரம்' என்னும் பழைய வடிவத்தில் எண்ணும் வியப்பும் சேர்ந்து ஒலிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. 'பத்தாயிரம்' கடைத்தெருக் கணக்குக்கு இன்னும் நெருங்கியது. எதை விரும்பினும் குற்றமில்லை. ஆங்கிலத்திலிருந்து இன்று தமிழாக்கம் செய்வோர் 'மிரியட்' என்னும் சொல்லைக் கண்டவுடன் கைபழக்கமாய் 'எண்ணற்ற' என்று எழுதிவிடாமல், அங்கே எண் ஒளிந்திருக்கிறதா, அதன் பக்கத்தில் சிறிய எண் நிற்கிறதா என்று ஒரு கணம் பார்ப்பார்களாயின் அதுவே போதும். உரையாற்றுவோரும் தாலந்து இத்தனை நாள் கூலி என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால், அடிக்குறிப்பைத் தேட வேண்டிய நிலை கேட்போருக்கு வராது.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் அந்தத் தாயை நாமே தேடிச் சென்று கணக்கைச் சொன்னோம். முதற்கடனைக் கேட்டதும், "அது அடைக்கிற கடனா?" என்று கையை விரித்துவிட்டார். இரண்டாவது கடன் நூறு நாள் கூலி என்றபோது சற்று நேரம் பேசவில்லை. விரல் மடக்கி எதையோ எண்ணினார்.

"நூறு நாள் கூலியா? அதை விட்டுக்குடுக்கறது லேசு இல்லையே" என்றார்.

பிறகு, தண்டலுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.